அப்பார்க் மாளிகைக்கு வயது 300 ஆண்டா, 30 ஆண்டா?

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒருவர், வெஸ்ட் சசெக்ஸ் பகுதியில் உள்ள அப்பார்க் மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கேட்டிருக்கும் கேள்வி இது: 1989-ல் கூரை முதல் எரிந்து விழுந்த வீட்டைப் பெரும் பணம் செலவழித்து முன்பிருந்தபடியே கட்டிவிட்டு, அதை 17-ஆம் நூற்றாண்டு மாளிகை என்று சொல்லி அனுமதிச் சீட்டு விற்பது ஏமாற்று வேலை ஆகாதா? கேள்வி வயதைப் பற்றியதுபோலத் தோன்றினாலும், அவர் உண்மையில் அறிய விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். ஒரு பழைய வீட்டின் பழமை அதன் செங்கல்லிலும் மரத்திலும் இருக்கிறதா, அதன் வடிவத்தில் இருக்கிறதா, அல்லது அதைச் செய்த கைகளின் முறையில் இருக்கிறதா என்பதுதான் அவர் கேட்பது. இதற்கு எல்லா வீடுகளுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. அப்பார்க்குக்கு மட்டும் ஓரளவு உறுதியான பதில் உண்டு. அதற்குக் காரணம் அந்த வீடு எரிவதற்கு முந்தைய 150 ஆண்டுகளில் அதற்கு நேர்ந்த, சரியாகச் சொன்னால் நேராமல் போன, விஷயங்கள்.

நான் பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவன். இந்தத் துறையில் மேற்படிப்பை இங்கிலாந்தில் படித்தபோது அப்பார்க்கைப் பலமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். சுவர், காரை, சுதை, கூரை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதைத் தொழில் தெரிந்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். திரைச்சீலை, ஓவியம், அறைகலன் பற்றி நான் சொல்வதைக் கண்ணால் பார்த்த ஒருவனின் கருத்து என்ற அளவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வீட்டின் கதை. சவுத் டவுன்ஸ் என்னும் சுண்ணக்கல் குன்றுத் தொடரின் உச்சியில், சவுத் ஹார்ட்டிங் கிராமத்துக்கு மேலே, 1690-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த வீட்டைக் கட்டியவர் ஃபோர்ட் கிரே என்னும் பிரபு. 1685-ல் மன்மத் கோமகன் அரசருக்கு எதிராகக் கலகம் செய்தபோது அவருடைய குதிரைப்படைக்குத் தலைமை தாங்கித் தோற்று, பிடிபட்டு, கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்து உயிர் தப்பியவர். பின்னர் டாங்கர்வில் பிரபு என்ற பட்டத்தையும் பெற்றார். குன்றின் உச்சியில் இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டுவதற்கு முதல் தடை தண்ணீர். ஃபோர்ட் கிரேயின் தாய்வழிப் பாட்டனார் எட்வர்ட் ஃபோர்ட், தேம்ஸ் ஆற்றுத் தண்ணீரை லண்டனின் மேட்டுத் தெருக்களுக்கு ஏற்றும் இயந்திரத்தை அமைத்தவர்; அந்தக் குடும்பத்துக்கு இருந்த அந்த அறிவுதான் இந்த இடத்தில் வீடு எழுவதற்குத் துணை நின்றது என்று வழக்கமாகச் சொல்வார்கள். கட்டடக் கலைஞர் வில்லியம் டால்மன் என்று வழிகாட்டிகள் சொல்லியிருப்பார்கள். அது பாணியை வைத்துச் செய்யப்பட்ட, நெடுநாளாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஊகம். கணக்குப் புத்தகமோ ஒப்பந்தமோ காட்டும் சான்று அல்ல. சிவப்புச் செங்கல், வெளிர்கல் விளிம்புகள், சரிவான கூரை, நடுவில் முக்கோண முகப்பு என்று டச்சுச் சாயலில் அமைந்த வெளித்தோற்றம் மட்டும் ஐயத்துக்கு இடமின்றி அந்தக் காலத்தது.

1747-ல் இந்த வீட்டை 19,000 பவுண்டுக்கு வாங்கியவர் மாத்யூ ஃபெதர்ஸ்டன்ஹா. தூரத்து உறவினர் ஒருவரின் பெருஞ்சொத்து அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. அவரும் மனைவி சாராவும் இத்தாலிக்கு நெடும்பயணம் போய், ரோமில் ஓவியர் பொம்பேயோ பட்டோனியிடம் குடும்பத்தாரின் உருவப்படங்களை வரையச் சொல்லி, படங்களும் பொருள்களுமாகத் திரும்பி வந்து, உள் அறைகளை வெள்ளையும் தங்க ரேக்குமாக மாற்றி அமைத்தார்கள். நீங்கள் இன்று பார்க்கும் பெரிய கூடமும் சிவப்பு வரவேற்பறையும் பெரும்பாலும் இவர்கள் காலத்து எண்ணத்தின் விளைவு. சாரா சிறுமியாக இருந்தபோது அவருக்காகச் செய்யப்பட்ட பொம்மை வீடு ஒன்றும் அவரோடு அப்பார்க்குக்கு வந்தது. குட்டிக் குட்டி வெள்ளிப் பாத்திரங்களும் மெழுகு பொம்மைகளும் நிறைந்த அந்த வீடு இன்றும் இருக்கிறது. பெரிய வீடு எரிந்தபோது சின்ன வீடு தப்பியது.

மாத்யூவின் மகன் ஹாரி சூதாட்டம், குதிரைப் பந்தயம், அரச குடும்பத்து நட்பு என்று வாழ்ந்தவர். பிற்காலத்தில் லேடி ஹாமில்டன் என்று ஊரறிந்த எம்மா, பதினைந்து பதினாறு வயதில் ஏறக்குறைய ஓர் ஆண்டு இவருடைய பொறுப்பில் அப்பார்க்கில் இருந்தார் என்பது உறுதி. சாப்பாட்டு மேசை மேல் ஏறி அவர் ஆடினார் என்பது சுவையான கதை மட்டுமே. 1810-களில் தோட்ட வடிவமைப்பாளர் ஹம்ப்ரி ரெப்டனை அழைத்து வாசலையும் சாப்பாட்டு அறையையும் மாற்றியதுதான் வீட்டில் நடந்த கடைசிப் பெரிய வேலை. பிறகு 1825-ல், எழுபது வயதைத் தாண்டிய ஹாரி, தம் பால்பண்ணையில் வேலை செய்த மேரி ஆன் புல்லக் என்னும் இருபது வயதுப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அக்கம்பக்கத்துக் கனவான்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் வீட்டின் வரலாற்றில் இதைவிட நல்ல செயல் எதுவும் நடக்கவில்லை என்பேன். 1846-ல் ஹாரி இறந்தபின் மேரி ஆனும், அவருக்குப் பின் தங்கை ஃபிரான்சஸும் 1895 வரை அந்த வீட்டை ஆண்டார்கள். இருவரும் சர் ஹாரி வைத்தது வைத்தபடியே இருக்கட்டும் என்று எதையும் மாற்றாமல் விட்டார்கள். விக்டோரியா காலத்தில் இங்கிலாந்தின் பிரபுக்கள் தத்தம் வீடுகளை இடித்தும் நீட்டியும் கெடுத்துக்கொண்டிருந்த ஐம்பது ஆண்டுகளில், இரண்டு பண்ணைவீட்டுச் சகோதரிகள் திரைச்சீலையைக்கூட மாற்றாமல் வாழ்ந்தார்கள்.

ஃபிரான்சஸிடம் 1880 முதல் 1893 வரை வீட்டு மேற்பார்வையாளராக இருந்தவர் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸின் தாய் சாரா வெல்ஸ். சமையல்கட்டும் குதிரை லாயமும் தனித்தனிக் கட்டடங்களில் இருந்ததால் வேலைக்காரர்கள் நிலத்துக்கு அடியில் வெட்டிய சுரங்க வழிகளில் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சிறுவன் வெல்ஸ் வந்து தங்கிய கீழுலகம் அதுதான். கூரைக்கு அடியிலிருந்த அறையில் பிரித்துப் போட்டிருந்த ஒரு தொலைநோக்கியைக் கண்டெடுத்துப் பூட்டி, இரவில் நிலவைப் பார்த்ததாக அவர் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த மாடி அறைகள்தான் 1989-ல் முதலில் எரிந்தவை.

1930-களில் வீட்டுக்கு வந்த லேடி மீட்-ஃபெதர்ஸ்டன்ஹா, நைந்து தொங்கிய 18-ஆம் நூற்றாண்டுத் திரைகளைப் புதிதாக மாற்றுவதற்குப் பதிலாக, சோப்பு வேர் எனப்படும் செடியை வேகவைத்து எடுத்த நுரையில் அலசி, இழை இழையாகத் தைத்து மீட்டார். ஒரே திரைக்கு மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார். 1954-ல் வீடு, பழைய வீடுகளைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டின் கைக்குப் போயிற்று. குடும்பத்தினர் மேல்மாடியில் தொடர்ந்து குடியிருந்தார்கள். ஆக, தீப்பிடிப்பதற்கு முந்தைய நாள் அப்பார்க்கில் இருந்தது மெருகேற்றிய அரண்மனை இல்லை. வெயிலில் வெளுத்த சிவப்பும், மங்கிய தங்கமும், இருநூறு ஆண்டாக யாரும் திருப்பிப் பூசாத வெள்ளையுமாக, வயதான ஒரு வீடு. இங்கிலாந்தில் பிரபுக்களின் மாளிகைகள் எத்தனையோ உண்டு. தொடாமல் விடப்பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பிறகு எடுத்த முடிவு விளங்கும்.

1989 ஆகஸ்ட் 30, பிற்பகல். கூரையைப் புதுப்பிக்கும் வேலை முடியச் சில நாட்களே இருந்தன; வீட்டுக்குள் பார்வையாளர்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். கூரையில் ஈயத் தகடுகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து தீ பரவியது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்; ஆனால் அதைப் பற்றவைக்கும் சுடரின் வெப்பம் அதைப்போல் பல மடங்கு. தகட்டுக்கு அடியில் இருப்பதோ முந்நூறு ஆண்டு உலர்ந்த பலகையும் தூசும். அது உடனே எரிந்து தெரியாது. உள்ளே கனன்று, காற்று கிடைத்ததும் எழும். வேலையாட்கள் கவனிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். என் தொழிலில் நாங்கள் அஞ்சுவது பழைய கட்டடத்தின் வயதை அல்ல, அதைச் சரிசெய்ய வருகிறவர்களின் கையில் உள்ள நெருப்பை.

மேலிருந்து கீழாக எரிந்ததுதான் அன்றைய கேட்டில் கிடைத்த ஒரே நன்மை. கூரையும் மேல்மாடியும் முற்றாகப் போயின. குடும்பத்தாரின் சொந்தப் பொருள்களில் பெரும்பகுதியும் அவற்றோடு போயிற்று. ஆனால் தீ தரைத்தளத்துக்கு இறங்குவதற்குள் கிடைத்த சில மணி நேரத்தில் ஊழியர்களும் குடும்பத்தினரும் தீயணைப்பு வீரர்களும் வரிசையாக நின்று ஓவியங்களையும் மேசை நாற்காலிகளையும் கம்பளங்களையும் கைமாற்றிக் கைமாற்றிப் புல்தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். லேடி மீட்-ஃபெதர்ஸ்டன்ஹா தைத்த திரைகளும் அப்படியே பிடுங்கி எடுக்கப்பட்டன. தரைத்தளத்துப் பொருள்களில் பெரும்பான்மை தப்பியது. தளங்கள் இடிந்து விழுந்தபோது, எரிந்த கட்டைகளும் காரையும் கீழ் அறைகளில் மலைபோல் குவிந்து, அந்த அறைகளின் சுவர்ப் பலகைகளில் ஒரு பகுதியைத் தீயிலிருந்து மூடிக் காத்தன. செங்கல் சுவர்கள் நின்றன. நிலவறை தண்ணீரில் ஊறிப்போய் நின்றது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வழக்கமாக எரிந்த வீட்டின் குப்பையை இயந்திரத்தால் அள்ளி லாரியில் கொட்டிவிடுவார்கள். இங்கே தொல்லியலாளர்களை அழைத்தார்கள். ஒவ்வோர் அறையின் தரையையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எது கிடைத்தது என்று எழுதி, கரியும் சாம்பலும் காரையும் கலந்த ஈரக் குவியலைக் கையால் அள்ளிக் குப்பைத் தொட்டிகளில் நிரப்பினார்கள். ஏறக்குறைய 4,000 தொட்டிகள் நிறைந்தன. பிறகு ஒவ்வொன்றையும் தட்டில் கொட்டிச் சலித்துப் பொறுக்கினார்கள். கதவுப் பூட்டு, கீல், சரவிளக்கின் படிகத் துண்டு, பாதி கருகிய மரச் செதுக்கல், ஒரு விரல் அகலத்துக்குச் சுதை இலை என்று எல்லாம் வந்தன. ஈரச் சுவரில் ஒட்டியிருந்த வண்ணத் தாள்களையும் பூசணம் பிடிப்பதற்குள் உரித்து எடுத்து வைத்தார்கள். ஒரு சுதை இலை கையில் இருந்தால், அது எவ்வளவு ஆழமாகச் செதுக்கப்பட்டது, காரையில் எவ்வளவு மணல், எத்தனை பூச்சு என்று எல்லாம் அதிலிருந்தே படிக்கலாம். புகைப்படம் வடிவத்தைச் சொல்லும். துண்டுதான் செய்முறையைச் சொல்லும்.

என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது இயல்பே. இங்கிலாந்தில் இந்த விவாதத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயது. 1877-ல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே, தேவாலயங்களைப் ‘பழைய நிலைக்குத் திருப்புகிறோம்’ என்று சொல்லி உண்மையான பழமையைச் சுரண்டி எறிந்தவர்களை எதிர்த்துத்தான். பழுதுபார், புனையாதே என்பது அந்த வழி. பழங்கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச விதித்தொகுப்பான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும் என்றும், புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இணங்க வேண்டும், ஆனால் பழையதென்று மயங்கச் செய்யக்கூடாது என்றும் சொல்கிறது. இந்த வழியில் நின்று பார்த்தால், கூரையில்லாத சுவர்களைப் பத்திரப்படுத்தி அப்படியே விட்டுவிடலாம். அல்லது உள்ளே இக்காலத்து வீடு ஒன்றைக் கட்டலாம். நேஷனல் டிரஸ்ட் எடுத்த முடிவு இரண்டும் இல்லை. இயன்ற அளவில், தீக்கு முந்தைய நாள் எப்படி இருந்ததோ அப்படி அமைப்பது என்று முடிவு செய்தார்கள். அதற்குச் செலவு ஏறக்குறைய 2 கோடி பவுண்டு. அதில் பெரும்பங்கு காப்பீட்டிலிருந்து வந்தது. பணம் கிடைத்ததால்தான் இந்தக் கொள்கை பிறந்தது என்று ஏளனமாகச் சொல்பவர்கள் உண்டு. பணம் இல்லாமல் எந்தக் கொள்கையும் நின்றிருக்காது என்பது உண்மைதான். ஆனால் ஊகம் தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும் என்ற விதியை அவர்கள் மீறவில்லை என்பதே என் துணிபு, ஏனென்றால் தரைத்தள அறைகளில் ஊகிக்க வேண்டியது மிகக் குறைவாக இருந்தது.

சுதை வேலையைக் கொஞ்சம் அருகில் வந்து பார்ப்போம். அக்காலத்து மேல்தளம், அதாவது அறையின் உட்கூரை, என்பது உத்திரங்களுக்கு அடியில் மெல்லிய மரப்பட்டைகளை விரல் இடைவெளி விட்டு ஆணியடித்து, அதன்மேல் மாட்டு மயிரோ ஆட்டு மயிரோ கலந்த சுண்ணாம்புச் சாந்தை அழுத்திப் பூசுவது. அழுத்தும்போது சாந்து இடைவெளிகளில் பிதுங்கி மறுபுறம் கொக்கிபோல் வளைந்து இறுகும். முழு மேல்தளமும் அந்தக் கொக்கிகளில்தான் தொங்குகிறது. அதன்மேல் இலை, கொடி, சங்கு, பழக்கொத்து ஆகியவற்றைச் சிலர் தனியே அச்சில் வார்த்து ஒட்டுவார்கள். நல்ல வீடுகளில் நேரடியாகக் கையால் பிடித்து உருவாக்குவார்கள். நீற்றிப் பல மாதம் ஊறவைத்து வெண்ணெய்போல் ஆன சுண்ணாம்பில் பளிங்குத் தூளோ சிறிது ஜிப்சமோ சேர்த்து, இறுகுவதற்குள் சிறு கரண்டியாலும் விரலாலும் இழைப்பது அந்த முறை. இரண்டுக்கும் வேறுபாடு காண எளிய வழி உண்டு. ஒரே கொடியில் இரண்டு இலைகளை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சென்றால் நரம்புவரை ஒன்றாக இருக்கும். கைவேலையென்றால் ஒன்று சற்றுத் தடித்திருக்கும், ஒன்றின் நுனி மடங்கியிருக்கும், ஒன்றின் அடிப்புறம் ஆழமாகக் குடையப்பட்டு நிழல் விழும்.

1989-ல் இங்கிலாந்தில் இப்படிக் கையால் இழைக்கத் தெரிந்தவர்கள் மிகவும் அருகிவிட்டார்கள். அச்சில் வார்ப்பதே வழக்கமாகிவிட்டிருந்தது. அப்பார்க்கின் துண்டுகளைப் பார்த்தவர்களுக்கு அச்சு உதவாது என்று தெரிந்தது. எனவே பழைய துண்டுகளையே ஆசிரியராக வைத்து, சாந்தின் கலவையையும் இறுகும் நேரத்தையும் சோதித்துச் சோதித்து, கையால் இழைக்கும் முறையை மறுபடி கற்றுக்கொண்டார்கள். கிடைத்த பழைய துண்டுகள் இயன்ற இடங்களில் புதிய வேலைக்குள்ளேயே வைத்துப் பதிக்கப்பட்டன. மரச் செதுக்கலிலும் இதே கதைதான்: பாதி கருகிய மலர்ச்சரத்தின் எஞ்சிய பாதியைக் காப்பாற்றி, இல்லாத பாதியை மட்டும் செதுக்கி இணைத்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த இந்த வேலை ஒரு தலைமுறைக் கைவினைஞர்களை உருவாக்கியது. 1992 நவம்பர் 20 அன்று விண்ட்சர் கோட்டை எரிந்தபோது அந்த நாட்டில் இந்தத் தொழில்கள் மறுபடி உயிரோடு இருந்தன என்றால், அதில் அப்பார்க்குக்குப் பங்கு உண்டு.

இனி உங்களுக்கு உறுத்தலாக இருந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு வருகிறேன். புதிய வேலையை ஏன் பழையதுபோல மங்கலாக்க வேண்டும்? புதுச் சுவர்த்தாளை ஏன் வெளுத்ததுபோல் காட்ட வேண்டும்? அன்றைக்கே இதைப் ‘பொய்ப் பழமை’ என்று திட்டியவர்கள் இருந்தார்கள். தனியாகக் கேட்டால் நானும் திட்டுவேன். ஆனால் அந்த அறையில் நின்று யோசித்துப் பாருங்கள். தப்பிய திரை 200 ஆண்டு வெளுத்தது, தப்பிய ஓவியச் சட்டத்தின் தங்கம் பழுப்பேறியது, கம்பளம் தேய்ந்தது. அவற்றுக்கு நடுவில் பளிச்சென்ற சிவப்புத் தாளையும் கண்ணைப் பறிக்கும் தங்க ரேக்கையும் வைத்தால், உண்மையான பழம்பொருள்கள்தாம் அங்கே அழுக்காகத் தெரியும். தப்பி வந்தவையே அந்நியமாகிவிடும். மாற்றமில்லாமல் மங்கியிருப்பதே அந்த வீட்டின் சிறப்பு என்று முன்பே சொன்னேன். அதை 1770-ஆம் ஆண்டின் புதுமைக்குத் திருப்பியிருந்தால், அந்த இரண்டு சகோதரிகளின் ஐம்பது ஆண்டுப் பொறுமை அழிந்திருக்கும். ஆகவே, பழையவற்றுக்கு மரியாதை செய்யப் புதியவை குரலைத் தாழ்த்திக்கொண்டன என்று இதை எடுத்துக்கொள்கிறேன். இது என் கருத்து. இதை ஏற்காத நல்ல வல்லுநர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை.

அப்படியானால் வயது என்ன? வெளிச்சுவர்கள் 300 ஆண்டுக்கு மேற்பட்டவை, ஐயமில்லை. கூரை, அதைத் தாங்கும் மரச்சட்டங்கள், மேல்தளம் எல்லாம் 1990-களின் தொடக்கத்தில் செய்தவை, அதிலும் ஐயமில்லை. தரைத்தள அறைகளின் பொருள்கள் பெரும்பாலும் அசல். அவற்றின் சுவர்ப்பலகை, செதுக்கல், சுதை ஆகியவை பழையதும் புதியதும் இழைந்தவை. எந்த அங்குலம் எதுவென்று பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆவணத்தில் உண்டு. நிலவறையும் வேலைக்காரர் வழிகளும் பெரிதும் பழையவை. எனவே ஒரே எண்ணாக வயது சொல்லச் சொன்னால் என்னால் இயலாது. நம் தாத்தாவின் கைக்கடிகாரத்துக்குப் பல்சக்கரமும் வாரும் மாற்றியிருந்தாலும் அதைத் தாத்தாவின் கடிகாரம் என்றுதானே சொல்கிறோம் என்று சிலர் வாதிப்பார்கள். அந்த ஒப்பு இங்கே சரிவராது, ஏனென்றால் அப்பார்க்கில் மாறியது சிறுகச் சிறுக இல்லை, ஒரே இரவில்.

எல்லா எரிந்த வீட்டையும் இப்படித்தான் கட்ட வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விண்ட்சரில் அறைக்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள்: பொருள்கள் தப்பிய அரச அறைகளைப் பழையபடி அமைத்தார்கள்; செயின்ட் ஜார்ஜ் மண்டபத்துக்கோ, முன்பிருந்த சாதாரண மேல்தளத்தைத் திரும்பச் செய்யாமல், ஜைல்ஸ் டவுன்ஸ் வரைந்த பச்சை ஓக் மரக்கூரையைப் புதிதாக அமைத்தார்கள். சரே பகுதியில் கில்ட்ஃபோர்டுக்கு அருகே உள்ள கிளாண்டன் பார்க்கின் கதி வேறு. ஜகோமோ லியோனி 1730-ஐ ஒட்டி ஆன்ஸ்லோ குடும்பத்துக்குக் கட்டிய அந்த வீடு, 2015 ஏப்ரல் 29 அன்று நிலவறையில் இருந்த மின்பலகைக் கோளாறால் பிடித்த தீயில், ஓர் அறை தவிர உள்ளே முழுவதும் அழிந்தது. பொருள்களில் மிகப் பெரும்பகுதியும் போயிற்று. முக்கிய அறைகளை மீட்டமைப்போம் என்று 2016-ல் சொன்ன அதே நேஷனல் டிரஸ்ட், 2022-ல் கருத்தை மாற்றிக்கொண்டு, எரிந்த செங்கல் கூட்டையே பாதுகாத்துக் காட்டுவோம் என்றது. அப்பார்க்கில் ஒரு நியாயம், கிளாண்டனில் ஒரு நியாயமா என்று கேட்டவர்கள் பலர். அறையை மீட்டாலும் அதில் வைக்க எதுவும் இல்லை என்ற டிரஸ்டின் வாதம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அதன் பளிங்குக் கூடத்தில் இத்தாலியச் சுதைக் கலைஞர்கள் உருவாக்கிய மேல்தளத்தையாவது மறுபடி செய்திருக்கலாம் என்று என் மனம் சொல்கிறது. சுண்ணாம்பில் கை வைத்தவனின் ஆசை அது. அதை நடுநிலையான தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம்.

மூன்றாவதாக, டார்பிஷயரில் உள்ள கால்க் ஆபி. ஹார்பர் குரூ குடும்பம் தலைமுறை தலைமுறையாக எதையும் தூக்கி எறியாமல் அறைகளை மூடிவைத்துக்கொண்டே போன வீடு அது. மரண வரிச் சுமையில் 1985-ல் டிரஸ்டிடம் வந்தபோது, 18-ஆம் நூற்றாண்டுச் சீனப் பட்டுத் தொங்கல்களோடு ஒரு பெருங்கட்டில் பிரித்து விரிக்கப்படாமல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அங்கே மீட்டமைப்பே செய்யவில்லை. ஒழுகலை நிறுத்தினார்கள், உரிந்த சுவரை உரிந்தபடியே நிறுத்தினார்கள். வீடு 1989-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்பார்க் எரிந்த ஆண்டும் அதுவே.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு பழைய வீட்டின் உரிந்த சுண்ணாம்புப் பூச்சு முழுவதையும் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசி, வேலை சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்ந்தவன். அடுத்த மழைக்காலத்தில் சுவர் மூச்சுவிட வழியின்றி உள்ளே உப்புப் பூத்து, பூச்சு பலகை பலகையாக விழுந்தது. விழுந்தது என் சிமெண்ட் மட்டுமல்ல, அதோடு ஒட்டிக்கொண்டு பழைய செங்கல்லின் முகமும். அந்தச் சுவரில் என்ன இருந்தது என்று சொல்ல இன்று ஒரு துண்டும் மிச்சமில்லை. தொட்டிகளில் குப்பையைச் சேர்த்துவைத்தவர்களை நான் இவ்வளவு மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கட்டணம் வாங்குவது ஏமாற்றா என்று கேட்டிருந்தீர்கள். தீப்பிடித்ததை மறைத்தால் ஏமாற்று. 1995-ல் மறுபடி திறந்ததிலிருந்து அந்தத் தீயின் கதையை அங்கேயே காட்டிவருகிறார்கள், உங்களுக்கும் அது தெரிந்தது அப்படித்தான். மறுமுறை போக வாய்த்தால், கூடத்தில் நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு கீழே இறங்கி, சாரா வெல்ஸ் கணக்கு எழுதிய அறைக்கும் அந்தச் சுரங்க வழிக்கும் போய்ப் பாருங்கள். பிறகு மேலே வந்து, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் மேல்தளத்துச் சுதைக் கொடியில் இரண்டு இலைகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.